ஊசித்துளை வானம்

மணிக்கு எண்ணூறு கிலோமீட்டர் பறக்கும் ஜெட் விமானத்தை ஓட்டுவதற்காக, வெண்டலின் கார்ஷ் ஊன்டர்மோஸ் கிராமத்துக்குப் பால் வண்டியில் வந்து சேர்ந்தான். ரயில்பாதை குண்டில் பெயர்ந்து கிடந்தது. 1945, மார்ச் மாத மழை. காலி கேன்களுக்கு நடுவே அவன் உட்கார்ந்து வந்ததில் கால்சட்டையில் புளித்த பால் வாடை ஏறியிருந்தது. ஜெர்மனியின் கடைசி நம்பிக்கை அந்த வாடையோடுதான் "தங்க வாத்து" விடுதியின் வாசலில் இறங்கியது.

பழைய விடுதி. மேல்மாடி முழுவதும் கறுத்த தேவதாரு மரம். பகலிலும் படிக்கட்டில் கை வைத்துத் தடவித்தான் ஏற வேண்டும். எரிந்த கொழுப்பு, ஈரக் கம்பளி, எலி இவற்றின் வாடைக்கு அடியில் மண்ணெண்ணெய் வாடை மெல்லியதாக இருந்தது. ஜெட்டுக்கு அதுதான் எரிபொருள்; விமானிகளின் உடம்பிலிருந்து அது போவதே இல்லை.

"காலைத் துடைச்சுட்டு ஏறு தம்பி," என்றாள் விடுதிக்காரி ஸென்ஸி. "நாட்டைக் காப்பாத்த வர்றவங்க எல்லாரும் சேத்தை மட்டும் எங்கிட்ட விட்டுட்டுப் போறாங்க."

மாடி அறைக் கதவைத் திறந்தபோது உள்ளே கும்மிருட்டு. விமானத் தாக்குதலுக்குப் பயந்து ஜன்னல் முழுக்கக் கறுப்புத்தாள் ஒட்டியிருந்தார்கள்.

இருட்டுக்குள்ளிருந்து ஒரு குரல் வந்தது. "கதவைச் சாத்துடா. படம் கலையுது."

சாத்தினான். சற்று நேரத்தில் கண் பழகியது. எதிர்ச் சுவரின் வெள்ளைச் சுண்ணாம்பில் வானம் தெரிந்தது. தலைகீழாக.

கறுப்புத்தாளில் ஊசி குத்திய அளவுக்கு ஒரு துளை. அதன் வழியே வெளியுலகம் அப்படியே நுழைந்து சுவரில் கவிழ்ந்து கிடந்தது. மேலே புல்வெளி. அதில் ஓடுபாதையாக மாற்றிய நெடுஞ்சாலை. கூரையிலிருந்து தொங்கும் ஊசியிலைக் காடு. கீழே, கட்டில் காலருகே, மேகங்கள் நகர்ந்தன.

"அதோ வருது பாரு, உலகத்திலேயே வேகமான விமானம்," என்றது குரல். சுவரின் மேல்விளிம்பில் இரண்டு காளைகள் தலைகீழாக நடந்தன. அவற்றுக்குப் பின்னால் கயிற்றில் கட்டிய ஜெட் விமானம் ஒன்று அசைந்து அசைந்து வந்தது. "எண்ணெய் மிச்சம் பிடிக்கிறாங்க. ஓடுபாதை வரைக்கும் மாடு, அதுக்கு மேல நாம."

இருவரும் சிரித்தார்கள். குரலுக்குச் சொந்தக்காரன் ஓட்மார் ப்ரிங்க். அடுத்த ஊர் ஸ்டேஷன் மாஸ்டரின் மகன். வெண்டலினைவிட ஒரு வயது மூத்தவன். அந்த ஒரு வயதிலேயே ஓரப்பல் இரண்டு போய்விட்டது.

அடுத்த நாட்களில், அந்த இருட்டறையில் படுத்துக்கொண்டே ஓட்மார் அவனுக்குப் பாடம் நடத்தினான்.

"இன்ஜின் நெம்புகோலை எப்பவும் மெதுவாத் தள்ளணும், தூங்குற குழந்தைக்குப் போர்வை இழுத்து விடுற மாதிரி. பதறித் தள்ளினா மூச்சு முட்டி அணைஞ்சிரும். அப்புறம் நீ ஓட்டுறது விமானம் இல்லடா, துணி அலமாரி."

அதனால் இறங்க ஆரம்பித்த ஜெட்டை மறுபடி மேலே தூக்குவது ஏறக்குறைய தற்கொலை. அதனால்தான் அங்கே ஒரு வழக்கம் இருந்தது. அடிபட்ட விமானம்தான் முதலில் இறங்கும். பின்னால் வருவது தளபதியாக இருந்தாலும் சுற்றிக்கொண்டு காத்திருக்க வேண்டும்.

இன்னொரு வழக்கமும் உண்டு. எதிரி விமானத்தை வீழ்த்தியவன் திரும்பி வரும்போது, தளத்துக்கு மேலே இறக்கைகளை இடதும் வலதுமாக ஆட்டிக் காட்டுவான். கீழே இருப்பவர்கள் தொப்பியை வீசுவார்கள். ஜெட்டில் அது ஆபத்து என்று தடை போட்டிருந்தார்கள்.

"நான் ஆட்டுவேன்," என்றான் ஓட்மார். "எங்கப்பாகிட்டயும் சொல்லி வச்சிருக்கேன். ஸ்டேஷன் மேல நான் இறக்கையை ஆட்டிட்டுப் போனா ஜெயிச்சுட்டேன்னு அர்த்தம். ஆனா ஆட்டினா மட்டும் போதாது. கூடப் பறந்த ஒருத்தன் 'நான் பார்த்தேன்'னு சொல்லணும். சாட்சி இல்லாட்டி நீ எதையுமே சுடலடா. வானமே உன் மேல விழுந்தாலும் விழல."

"நான் சொல்றேன்."

"சத்தியமா?"

"சத்தியமா."

சிரித்துக்கொண்டே சொன்ன சத்தியம். இருட்டில் ஓட்மாரின் முகம் தெரியவில்லை.

படைப்பிரிவின் தலைவர் மேஜர் எகோன் ஃபான் ராட்டோ. சட்டைக் காலருக்கு நடுவில் தொங்கவிடும் சிலுவைப் பதக்கத்துக்காக ஏங்குகிறவர்களை "தொண்டை வலிக்காரர்" என்பது விமானப்படையில் வழக்கம். மேஜருக்கு அந்த வலி நான்கு வருடமாக இருந்தது. குண்டுவீச்சு விமானம் இன்னும் ஒன்று வீழ்த்தினால் பதக்கம். அந்த ஒன்றுதான் அவர் கண்ணில் சிக்காமல் போக்குக் காட்டியது. சாப்பாட்டு மேஜையில் அவர் மோவாயை உயர்த்தியே உட்காருவார், பதக்கத்துக்கு இடம் விட்டு.

"தேன் கலந்து வெந்நீர் தரட்டுமா மேஜர் ஐயா?" என்பாள் ஸென்ஸி, முகத்தில் ஒரு சலனமும் இல்லாமல்.

ஓடுபாதையில் விழுந்த குண்டுக்குழிகளைக் கோடுபோட்ட உடுப்பு அணிந்த கைதிகள் மூடிக்கொண்டிருந்தார்கள். எங்கிருந்து வந்தவர்கள், ஏன் அவ்வளவு மெலிந்திருக்கிறார்கள் என்று யாரும் கேட்கவில்லை. அவர்கள் போகும்போது ஸென்ஸி சமையலறைத் திரையை இழுத்துவிடுவாள். விமானிகள் விமானத்தைப் பார்ப்பார்கள். வெண்டலின் தன் காலணியைப் பார்ப்பான். பன்னிரண்டு வருடமாக ஒரு நாடே செய்துவந்த பயிற்சி அது. எல்லாரும் அதில் தேறியிருந்தார்கள்.

ஏப்ரலில் மழை விட்டு வானம் கழுவி வைத்ததுபோல் இருந்த ஒரு நாள், மூன்று ஜெட்டுகள் கிளம்பின. மேஜர், ஓட்மார், வெண்டலின்.

மேலே குண்டுவீச்சு விமானங்கள் வெள்ளைக் கோடு கோடாகப் போய்க்கொண்டிருந்தன. மேஜர் தொலைவிலிருந்தே பீரங்கியை முழக்கினார். குண்டுகள் நீல வானத்தைத் தவிர வேறெதற்கும் காயம் ஏற்படுத்தவில்லை. எதிரிகளின் துப்பாக்கிகள் பதில் சொல்ல ஆரம்பித்ததும், அவர் மிக நேர்த்தியான ஒரு வளைவில் வீடு திரும்பத் தொடங்கினார்.

ஓட்மார் திரும்பவில்லை. நெருங்கிப் போய்ச் சுட்டான். குண்டுவீச்சு விமானத்தின் ஒரு இறக்கை கழன்று தனியாக, காகிதம்போல் மிதந்து போனது. உள்ளே பத்துப் பேர் இருந்திருப்பார்கள். இரண்டோ மூன்றோ பாராசூட் குடைகள் விரிந்தன. மற்றவர்கள் யார், ஊர் எது, யார் காத்திருந்தார்கள் என்பது அன்றும் பிறகும் ஊன்டர்மோஸில் ஒரு கேள்வியாகவே எழவில்லை. அவர்கள் எந்த விமானியின் கணக்கில் செத்தார்கள் என்பதுதான் கேள்வி.

ஓட்மாரின் இடது இன்ஜினில் புகை.

தளத்துக்கு மேலே எதிரியின் சிறு விமானங்கள் பருந்துபோல் காத்திருந்தன. தாழப் பறந்து சுட்டதில் கீழே எல்லாரும் பள்ளத்துக்குள் முகத்தைப் புதைத்துக்கொண்டார்கள். பள்ளத்தில் இடம் தரப்படாத கைதிகள் மட்டும் திறந்தவெளியில் நின்றார்கள்.

கடைசியாக வந்த வெண்டலின் மேலிருந்து பார்த்தான். ஓட்மார் சக்கரங்களை இறக்கி, ஒற்றை இன்ஜினில், பாதையை நோக்கித் தாழ்ந்துகொண்டிருந்தான். தாழ்ந்தபடியே இறக்கைகளை ஆட்டினான். இடதும் வலதும்.

முன்னதாகவே வந்து மேலே சுற்றிக்கொண்டிருந்த மேஜரும் அதைப் பார்த்திருக்க வேண்டும்.

இரண்டு இன்ஜினும் பழுதில்லாமல், காத்திருக்க எண்ணெயும் வைத்துக்கொண்டு, மேஜரின் விமானம் பக்கவாட்டிலிருந்து சரிந்து ஓட்மாருக்கு முன்னால் புகுந்தது. மோதாமல் இருக்க ஓட்மாருக்கு ஒரே வழிதான் இருந்தது. மேலே தூக்க வேண்டும்.

மெதுவாகத் தள்ள அவனுக்கு நேரம் இல்லை.

விமானம் ஒரு கணம் காற்றில் நின்றது. பிறகு காட்டோரம் போய் அலமாரிபோல் விழுந்தது.

வெண்டலின் எப்படியோ இறங்கினான். ஏணியில் இறங்கி வந்தபோது மேஜர் கையுறையைக் கழற்றிக்கொண்டு நின்றிருந்தார்.

"பார்த்தியா?"

"பார்த்தேன் மேஜர் ஐயா."

"என்ன பார்த்தேன்னு நான் சொல்றேன். குண்டுவீச்சு விமானத்தை வீழ்த்தினது நான். ப்ரிங்க் பயந்துபோய்ச் சண்டையிலிருந்து ஓடி வந்தான். பதட்டத்துல எனக்குக் குறுக்கே இறங்கப் பார்த்தான். செத்துப்போனான். பாவம்." அவர் குரலில் உண்மையான வருத்தம் இருந்தது, வருத்தத்தையும் அவர் மோவாயை உயர்த்தித்தான் படுவார். "ஊர் முனை லிண்டன் மரம்..." 

முச்சந்தியில் நின்ற அந்த மரத்தில் போன வாரத்திலிருந்து இரண்டு சிப்பாய்கள் தொங்கிக்கொண்டிருந்தார்கள், நெஞ்சில் "நான் கோழை" என்ற அட்டையோடு. எண்ணெய் இல்லாத அந்த நாட்டில் கயிற்றுக்கு மட்டும் பஞ்சமே வரவில்லை. மேஜர் அந்தத் திசையைக் கையுறையால் காட்டினார். மீதியைச் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

"வேற யாரும் பாக்கல," என்றார்.

அவருக்குப் பின்னால் மண்வெட்டியோடு கைதிகள் நின்றிருந்தார்கள். அவர்களில் ஒருவன் வெண்டலினையே பார்த்துக்கொண்டிருந்தான். வெண்டலின் தன் காலணியைப் பார்த்தான்.

அன்று மாலை, விடுதி நடைபாதையில், உலர்ந்த வெங்காயச் சரங்களுக்கு நடுவே இருந்த தொலைபேசியில், "ஆமாம், நான் பார்த்தேன். மேஜர்தான்" என்று தலைமையகத்துக்குச் சொன்னான். கம்பியின் மறுமுனையில் இருந்தவர் வாழ்த்துச் சொன்னார்.

மறுநாள் ஓட்மாரின் அப்பா வந்தார். ரயில்வே உடுப்பைப் பொத்தான் தவறாமல் போட்டிருந்தார். மகனை எடுத்துப்போக ஸ்டேஷனிலிருந்து சாமான் தள்ளும் வண்டியையே கொண்டுவந்திருந்தார். மகனில் மிச்சமிருந்ததற்கு அவ்வளவு பெரிய வண்டி தேவைப்படவில்லை.

மேஜர் அவரிடம் கண்ணியமாக, மனவருத்தத்தோடு, கடமை, பதட்டம், இளமை என்றெல்லாம் பேசினார். பெரியவர் கேட்டுவிட்டு வெண்டலின் பக்கம் திரும்பினார்.

"நீங்கதான் அவன்கூட தங்கியிருந்த தம்பியா? உங்களைப் பத்திச் சொல்லியிருக்கான்." தொப்பியைக் கழற்றி மேஜைமேல் வைத்தார். "எங்க ஊரு மேல போறப்ப இறக்கையை ஆட்டினான். நான் தொப்பியைத் தூக்கிக் காட்டினேன். ஜெயிச்சவன்தானே ஆட்டுவான்? நீங்க சொல்லுங்க. என் பையன் பயந்து ஓடியா வந்தான்?"

ஸென்ஸி கையில் தட்டோடு அப்படியே நின்றாள். மேஜர் தொண்டையைச் செருமினார்.

"ஆமாங்க," என்றான் வெண்டலின்.

பெரியவர் தலையசைத்தார். தொப்பியை எடுத்து அணிந்துகொண்டார். "நேரா முகத்தைப் பார்த்துச் சொன்னதுக்கு நன்றி," என்றார். வண்டிச் சக்கரத்தின் கிறீச்சிடும் ஓசை தெரு முனைவரை கேட்டது.

வெண்டலின் அவர் முகத்தைப் பார்க்கவே இல்லை.

அன்று பிற்பகல் அவன் அறையில் படுத்திருந்தான். பக்கத்துக் கட்டிலில் விரிப்பை எடுத்துவிட்டிருந்தார்கள். வெறும் வைக்கோல் மெத்தை. மண்ணெண்ணெய் வாடை மட்டும் போகவில்லை. போகாதது மட்டுமல்ல, கூடிக்கொண்டே இருந்தது.

சுவரில் மேகங்கள் நகர்ந்தன. ஓடுபாதை காலியாக இருந்தது.

கீழே, கட்டில் காலருகே, ஒரு புள்ளி தெரிந்தது.

புள்ளி வளர்ந்தது. விமானமானது. சத்தமில்லாமல், தலைகீழாக, சக்கரங்களைக் கூரையை நோக்கி நீட்டிக்கொண்டு வந்தது. இறக்கைகளை ஆட்டியது. இடதும் வலதும்.

பக்கவாட்டிலிருந்து இன்னொரு விமானம் புகுந்தது.

முதல் விமானம் துள்ளி, நின்று, விழுந்தது. மேல்நோக்கி விழுந்தது. கூரைக்குள் போய் மறைந்தது.

வெண்டலின் பாய்ந்து எழுந்து கறுப்புத்தாளின் ஓரத்தைக் கிழித்தான். வெளியே வெயில். காலிப் பாதை. புல் மேயும் காளைகள். வானத்தில் ஒரு காக்கைகூட இல்லை.

பக்கத்துக் கட்டிலின் வைக்கோல், யாரோ புரண்டு படுத்ததுபோல், சரசரத்தது.

அவன் ஓரத்தை மறுபடி ஒட்டினான். மறுநாள் பிற்பகல் மறுபடி வந்தது. அதற்கு மறுநாளும். அறையை விட்டுப் போகலாமே என்று கேட்கலாம். ஒரு நாள் போனான், மாட்டுக்கொட்டகைக்கு. கொட்டகைப் பலகையில் ஆணி விழுந்த ஓட்டை இருந்தது. காளையின் வெள்ளை விலாவில் விமானம் சின்னதாக ஊர்ந்து வந்து இறக்கையை ஆட்டியது. காளை தோலைச் சிலிர்த்தது.

அவனுக்குப் பயம் இருந்தது. ஆனால் பயத்தைவிட வேறொன்று பெரிதாக இருந்தது. பேய் என்றால் கழுத்தை நெரிக்க வேண்டும், இரத்தம் கேட்க வேண்டும். இது அப்படி எதுவும் கேட்கவில்லை. தன் நண்பன் பார்த்துக்கொண்டிருக்கிறான் என்று நம்பி ஒரு பையன் இறக்கையை ஆட்டினான், அவ்வளவுதான். ஒவ்வொரு முறையும் புதிதாக நம்பி ஆட்டினான்.

ஒரு பிற்பகல் மேஜரே மாடிக்கு வந்தார். பதக்க விழாவில் வெண்டலின் என்ன பேச வேண்டும் என்று சொல்லிக்கொடுக்க.

"குரல் கம்பீரமா இருக்கணும். 'என் கண்ணால் கண்டேன்'னு ஆரம்பி. என்னடா இது, அறையில இவ்வளவு மண்ணெண்ணெய் வாடை?"

"ஐயா, சுவரைப் பாருங்க."

பார்த்தார். புள்ளி வளர்ந்துகொண்டிருந்தது.

மேஜர் இரண்டே எட்டில் ஜன்னலுக்குப் போனார். ஊசித்துளையின் மேல் கட்டைவிரலை வைத்து அழுத்தினார். அறை முழுவதும் இருண்டிருக்க வேண்டும்.

சுவர் மட்டும் இருளவில்லை.

அவர் முகத்தைத் துளையிலேயே வைத்துக்கொண்டு நின்றார். முதுகு விறைத்திருந்தது. ரகசியக் குரலில் கேட்டார்:

"இன்னும் தெரியுதா?"

"தெரியுது."

"குறுக்கே... யாரு வர்றது?"

"நீங்கதான் ஐயா."

மேஜரின் மூச்சுச் சத்தம் கேட்டது.

"நல்லாப் பாரு," என்றார்.

பதக்க விழா விடுதியின் நடனக் கூடத்தில் நடந்தது. பெர்லினிலிருந்து பதக்கம் வர வழியில்லை. இடையில் இரண்டு நாடுகளின் படை நின்றது. ஆகவே தளத்து மெக்கானிக் ஒருவன் தகரத்தில் சிலுவை வெட்டிக் கறுப்புச் சாயம் அடித்துக்கொடுத்தான். உதிரித் தகரத்துக்குக் காட்டோரம்தான் போயிருந்தான்; அங்கே நிறையக் கிடந்தது. பீட்ரூட்டில் காய்ச்சிய சாராயம் ஊற்றினார்கள். வெண்டலின், "என் கண்ணால் கண்டேன்" என்று கம்பீரமாக ஆரம்பித்தான். கைதட்டினார்கள். மேஜர் இரண்டு விரலால் காலரைத் தளர்த்தித் தளர்த்தி விட்டுக்கொண்டிருந்தார்.

"என்ன ஐயா, இன்னுமா வலி?" என்றாள் ஸென்ஸி. இந்தத் தடவை யாரும் சிரிக்கவில்லை. கூடம் முழுவதும் மண்ணெண்ணெய் நாறியது.

நான்கைந்து நாட்களில் எதிரிப் படையின் டாங்கிச் சத்தம் காற்றில் வர ஆரம்பித்தது. வெண்டலினின் விமானத்தில் இன்ஜின் ஆயுள் முடிந்துவிட்டது. பட்டாம்பூச்சி அளவுதான் அதற்கு ஆயுள்; மாற்று இன்ஜின் இல்லை. பதக்கம் தரித்தவர் சும்மா இருக்கக் கூடாது என்பதால் மேஜர் தனியாகக் கிளம்பினார். காளைகள் இழுத்துப் போயின. காட்டோரம் வந்ததும் இரண்டும் கால் ஊன்றி நின்றுவிட்டன. அடித்துத்தான் நகர்த்த வேண்டியிருந்தது.

வெண்டலின் அறையில் இருந்தான். சுவரில் அது வரும் நேரம்.

மேஜரின் விமானம் திரும்பி வந்தது. இரண்டு இன்ஜினும் நன்றாக, சக்கரம் இறக்கி, மெதுவாக, ஒழுங்காக. சுவரில் அவர் தலைகீழாக இறங்கிக்கொண்டிருந்தார்.

பக்கவாட்டிலிருந்து இன்னொரு விமானம் வந்தது.

இறக்கையை ஆட்டிக்கொண்டே, அவசரமில்லாமல், மேஜருக்கு முன்னால் புகுந்தது.

வெண்டலின் ஜன்னலுக்கு ஓடிக் கறுப்புத்தாள் முழுவதையும் பிய்த்தெறிந்தான். வெளியே பளிச்சென்ற வானம். அதில் ஒரே ஒரு விமானம். முன்னால் எதுவும் இல்லை. எதுவுமே இல்லாததைக் கண்டு விலகி, மேஜரின் விமானம் மூக்கை உயர்த்தியது. வெண்டலினுக்கு அந்தக் கை தெரிந்ததுபோல் இருந்தது. நெம்புகோலைப் பதறித் தள்ளும் கை.

இன்ஜின் சத்தம் நின்றது.

காட்டோரத்தில், அதே இடத்தில்.

"என்ன நடந்தது? யார் பார்த்தது?" என்று கீழே கத்தினார்கள். ஸென்ஸி மாடியை அண்ணாந்து பார்த்தாள். "தம்பி, நீ ஜன்னல்ல நின்னியே. பார்த்தியா?"

"இல்லம்மா," என்றான் வெண்டலின். "நான் எதையும் பாக்கல."

அவன் முதுகுக்குப் பின்னால் வெளிச்சமான அறையில் வைக்கோல் சரசரத்தது.

போர் முடிந்தது. முச்சந்தி மரத்திலிருந்து கயிறுகளை இரவோடு இரவாக அவிழ்த்துவிட்டார்கள். ஊரில் யாரும் எதையும் ஆதரித்ததே இல்லை என்று தெரியவந்தது. கைதிகளை அமெரிக்கர்கள் லாரியில் ஏற்றிக்கொண்டு போனபோது, ஸென்ஸி வாசல்வரை வந்து ரொட்டி நீட்டினாள். யாரும் வாங்கவில்லை.

இனி வெண்டலினைத் தூக்கில் போட யாரும் இல்லை. உண்மையைச் சொல்ல அவனுக்கு ஒரு தடையும் இல்லை. அதைச் சொல்லத்தான் அடுத்த ஊருக்கு நடந்தான். வழி முழுவதும் வாக்கியத்தைச் சொல்லிச் சொல்லிப் பார்த்தான். உங்கள் மகன் ஓடவில்லை. ஓடியவர் வேறு. பொய் சொன்னது நான்.

ஸ்டேஷன் கண்ணாடிகள் உடைந்து, ஜன்னல்களில் பலகை அடித்திருந்தது. பெரியவர் இருண்ட காத்திருப்பு அறையில், பயணிகள் பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். உடுப்பின் பொத்தான்கள் எல்லாம் போட்டிருந்தன. அவர் திரும்பவில்லை.

"கதவைச் சாத்துங்க தம்பி. படம் கலையுது."

பலகையில் மரக்கண் விழுந்த துளை. எதிர்ச் சுவரில் வானம்.

அங்கே அந்த விமானம் சுற்றிக்கொண்டிருந்தது. இப்போது அதற்குக் குறுக்கே வர யாரும் இல்லை. இருந்தாலும் இறங்கவில்லை. வட்டமாக வந்தது. இறக்கையை ஆட்டியது. போனது. மறுபடி வந்தது.

"தினமும் வர்றான்," என்றார் பெரியவர். "எனக்கு விமானம் தெரியாது. ரயில் தெரியும். ஸ்டேஷனுக்கு வெளியில வந்து நிக்கிற வண்டிக்கு உள்ளேயிருந்து ஒருத்தர் சிக்னல் குடுக்கணும். குடுக்காட்டி நின்னுக்கிட்டேதான் இருக்கும். என்னால குடுக்க முடியல. நான் அங்க இல்லையே." இப்போதுதான் அவர் திரும்பினார். "ரொம்ப நேரமாச் சுத்துறான் தம்பி. எண்ணெய் தீர்ந்துடும். இறங்கச் சொல்லுங்க."

வெண்டலின் வாயைத் திறந்தான்.

பெரியவரின் கண் அவன் முகத்தில் இருந்தது. உண்மையைச் சொன்னால், அதன் முதல் சொல்லிலேயே, "நேரா முகத்தைப் பார்த்துச் சொன்னதுக்கு நன்றி" என்ற அன்றைய நன்றியைத் திருப்பிக் கொடுக்க வேண்டும். கயிற்றுக்குப் பயந்தபோது ஒரு காரணமாவது இருந்தது. இப்போது அதுவும் இல்லை.

"அவனுக்கு வலி தெரிஞ்சிருக்காதுங்க," என்றான். "உடனே போயிட்டான்."

பெரியவர் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டார்.

சுவரில் விமானம் இன்னொரு சுற்றுக்குத் திரும்பியது.

வெண்டலின் கார்ஷ் பிற்பாடு ஆக்ஸ்பர்கில் பள்ளி ஆசிரியராகி, தலைமை ஆசிரியராகி, மதிப்போடு ஓய்வுபெற்றார். வகுப்பில் திரை போட விடமாட்டார். ஆண்டுதோறும் முன்னாள் விமானிகள் சங்கத்தின் மதிய விருந்துக்கு மட்டும் தவறாமல் போவார். பன்றி வறுவல், உருளைக்கிழங்கு உருண்டை, உரைகள். எல்லாரும் வீரர்கள், யாருக்கும் அரசியல் தெரிந்ததில்லை. மேஜர் ஃபான் ராட்டோவின் கடைசி வெற்றியைப் பற்றிப் பேசக் கார்ஷைத்தான் எழுப்புவார்கள். "என் கண்ணால் கண்டேன்" என்று அவர் ஆரம்பிப்பார். பிறகு பழைய படங்களைத் திரையில் காட்ட விளக்கை அணைக்கும் நேரத்தில், சிறுநீர் கழிக்கப் போவதாகச் சொல்லி வெளியே போய்விடுவார்.

கடைசியாக அவர் போன ஆண்டு மூட்டுவலி. எழுந்திருக்கத் தாமதமாகிவிட்டது. விளக்கு அணைந்தது.

திரையில் வானம் வந்தது. ஒரு ஜெட் விமானம் தலைகீழாக மிதந்து வந்து இறக்கையை ஆட்டியது.

கிழவர்கள் சிரித்தார்கள். "யோவ், படத்தைத் தலைகீழா மாட்டிட்டியே!"

"இருங்கய்யா," என்றான் படம் காட்டுபவன் இருட்டிலிருந்து. "நான் இன்னும் மிஷினையே போடல."

சிரிப்பு மெல்ல மெல்ல நின்றது. யாரோ மூக்கை உறிஞ்சி, "மண்ணெண்ணெய் எங்கயோ கொட்டியிருக்கு" என்றார். விமானம் வட்டமாக வந்தது. காத்திருந்தது. இடதும் வலதும் ஆட்டியது.

"கார்ஷ்," என்று பக்கத்து நாற்காலிக்காரர் முழங்கையால் இடித்தார். "நம்ம படைப்பிரிவு மாதிரி இருக்கே. நீதானே அங்க இருந்த? யாருப்பா அது?"

எல்லாரும் அவர் பக்கம் திரும்பினார்கள். இருட்டில் யார் முகமும் தெரியவில்லை.

"தெரியலையே," என்றார் வெண்டலின் கார்ஷ்.

திரையில் இறக்கைகள் ஆடுவதை நிறுத்தின. விமானம் மெல்லச் சாய்ந்து, இன்னொரு சுற்றுக்குத் திரும்பியது.